கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் புரோட்டீன் பவுடர் குடிக்கலாமா?

எங்கள் மருந்துக்கடைக்கு மாதப் பிறப்பில் தவறாமல் வருகிற ஒருவர் இருக்கிறார். வயது 58. மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தவர். இந்த முறை சீட்டை நீட்டிவிட்டு, "கொழுப்பு மாத்திரை மட்டும் வேண்டாம்மா, மத்ததைக் கொடு" என்றார். ஏன் சார் என்று கேட்டேன். மகன் ஜிம்மில் சேர்த்துவிட்டிருக்கிறான், ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடரும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். "பவுடரும் மாத்திரையும் சேர்ந்தா ஈரல் போயிடுமாமே? அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார்.

பத்து நாளாக நிறுத்தியிருந்தார். எனக்குப் பகீரென்றது. அவரை உட்காரவைத்துப் பேசியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரடியான பதில். பாலில் இருந்து எடுக்கிற சாதாரண வே புரோட்டீனுக்கும், கொலஸ்ட்ராலுக்கு நாம் சாப்பிடும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளுக்கும் நேரடி மோதல் எதுவும் அறியப்படவில்லை. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று உங்கள் அட்டையில் எது எழுதியிருந்தாலும் இதேதான். ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. டப்பாவுக்குள் புரோட்டீனோடு வேறு என்ன கலந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவைத் தப்பாகப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்துபோய் டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது.

மாத்திரை என்ன செய்கிறது?

ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் சாப்பிட்டு வருவதில்லை. உடம்பே அதைத் தயாரிக்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தயாரிப்பில் ஒரு முக்கியமான படியை நடத்தும் நொதியை ஸ்டாட்டின் தடுத்துவிடுகிறது. உள்ளே தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் இருந்து எடுக்க ஆரம்பிக்கிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைத் தன் செல்களின் மேல் கூடுதலாக முளைக்கவைக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் இறங்குவது இப்படித்தான்.

இந்த மருந்துக் குடும்பம் ஒரு பூஞ்சையில் இருந்து வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற ஆராய்ச்சியாளர் 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1987-ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கு டாக்டர் இந்த மாத்திரையை விடாமல் எழுதித் தருவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. ஸ்டென்ட் அடைத்த ஓர் இடத்தைத் திறந்து வைக்கும். மற்ற ரத்தக்குழாய்களில் கொழுப்பு படியாமல் பார்த்துக்கொள்வது இந்த மாத்திரையின் வேலை. எனவே "கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துடுச்சு, இனிமேல் எதுக்கு?" என்றும் நிறுத்தக்கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

சரி, புரோட்டீன் பக்கம் வருவோம். பவுடரில் வந்தாலும் பருப்பில் வந்தாலும் புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். முட்டை சாப்பிட்டாலும் அதே கதைதான். ஸ்டாட்டின் மாத்திரைகளைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றும் நொதிகள் வேறு. புரதம் அவற்றின் வழியில் குறுக்கே நிற்பதில்லை. அடோர்வாஸ்டாட்டினையும் ரோசுவாஸ்டாட்டினையும் சாப்பாட்டோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். அதனால் பவுடரைக் கலக்கிய ஷேக் குடித்த கையோடு மாத்திரை போட்டாலும் ஒன்றும் ஆகாது. சிம்வாஸ்டாட்டின் மாதிரி உடம்பில் சில மணி நேரமே தங்கும் மாத்திரைகளை மட்டும் ராத்திரியில் போடச் சொல்வார்கள். கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில் என்பதுதான் காரணம்.

டப்பாவின் பின்பக்கம்

முன்பக்கம் தசை முறுக்கிய படம் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். புரோட்டீன், கோகோ, இனிப்பு, லெசித்தின் என்று நாலைந்து பெயரோடு முடிந்தால் பெரிய கவலை இல்லை. பட்டியல் நீள நீளத்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதலில் தேட வேண்டிய பெயர் ரெட் ஈஸ்ட் ரைஸ். "இயற்கையாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும்" என்ற விளம்பரத்தோடு தனிக் காப்ஸ்யூலாகவும் வரும், சில சத்துக் கலவைகளிலும் சேர்த்திருப்பார்கள். ஒருவகைப் பூஞ்சையை வைத்து அரிசியைப் புளிக்கவைத்து எடுப்பது இது. அதில் இருக்கும் மோனகோலின் கே என்ற பொருளும், மாத்திரையாக வரும் லோவாஸ்டாட்டினும் ஒரே வேதிப்பொருள்தான். ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால், தெரியாமலே இரண்டு ஸ்டாட்டின் சாப்பிடுகிறார் என்று அர்த்தம். தசைக்கும் ஈரலுக்கும் அது நல்லதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு நாளைக்கான அளவில் மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடையில் பலர் குழம்பிக் கேட்டிருக்கிறார்கள்: நம் ஊர் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

அடுத்தது கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட். கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்கும் கலவைகளில் இது அடிக்கடி இருக்கும். கோப்பையில் குடிக்கும் கிரீன் டீ வேறு, அதைப் பல மடங்கு செறிவாக்கிக் காப்ஸ்யூலில் அடைத்தது வேறு. செறிவாக்கியதால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. அஷ்வகந்தா கலந்த பவுடர்களும் இப்போது நிறைய வருகின்றன. அதிலும் ஈரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எல்லோருக்கும் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டாட்டின் சாப்பிடும் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி ஏறினால் முதல் பழி மாத்திரை மேல்தான் விழும், உண்மையான காரணம் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கும். வைட்டமின் பி3 என்கிற நியாசினையும் பாருங்கள். மல்டிவைட்டமினில் இருக்கும் சின்ன அளவு பிரச்சினை இல்லை. ஒரு கிராம் அளவுக்குப் போனால் அது சத்து என்ற நிலையைத் தாண்டி மருந்தாகிவிடும். ஸ்டாட்டினோடு சேரும்போது தசைப் பாதிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும்.

எழுதாமல் கலப்பது இதைவிட மோசம். சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று சில பொருள்களில் ஸ்டீராய்டு சேர்க்கிறார்கள். அது கல்லீரலைக் கெடுக்கும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லைத் தரைமட்டத்துக்கு இறக்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, இது மறுபக்கம் இழுக்கும். லேபிளே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் பவுடரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஜிம் மாஸ்டரே கொடுத்தாலும் வேண்டாம்.

லேபிள் இருப்பதாலேயே நம்பிவிட முடியுமா என்றால், அதுவும் இல்லை. கேரளத்து மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைத் தங்கள் சொந்தச் செலவில் ஆய்வகத்தில் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டது. 25 பவுடர்களில் லேபிளில் போட்ட அளவைவிடப் புரதம் குறைவாக இருந்தது. ஐந்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. நிலக்கடலை பூஞ்சை பிடித்தால் வருகிற அதே நஞ்சு, ஈரலுக்கு எதிரி. மூன்றில் பூச்சிக்கொல்லி மருந்தின் எச்சம் இருந்தது. இதைப் படித்த பிறகு, எங்கள் கடையில் எந்தப் பவுடரைக் கேட்டாலும் முதலில் டப்பாவைத் திருப்பி 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, உள்ளடக்கப் பட்டியல் மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன். இவை இருந்தால் எல்லாம் சரி என்று உறுதி தர என்னால் முடியாது. இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

உடல் எடையைக் கூட்ட மாஸ் கெய்னர் என்று விற்பது தனி ரகம். அதில் புரதத்தைவிட மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்துதான் அதிகம். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு ஏறியிருப்பவருக்கும் சர்க்கரை இருப்பவருக்கும் அது ஆகாது.

தசை வலித்தால்?

மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம் சொல்லும் காரணம் இதுதான். ஜிம்முக்குப் புதிதாகப் போகிறவருக்கு இது இன்னும் குழப்பம், ஏனென்றால் எடை தூக்கினாலும் தசை வலிக்கும்.

ஸ்டாட்டினால் தசை வலி வருவது உண்மைதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. பிரிட்டனில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும் மாதங்களில் அது உண்மையானதா வெற்றா என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ஸ்டாட்டின் சாப்பிட்ட மாதங்களில் கூடிய தொந்தரவில் 90 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் கூடியிருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி இருந்தது. அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைக்குள் இருந்த மருந்து இல்லை.

உடற்பயிற்சி வலி பெரும்பாலும் வேலை கொடுத்த தசையில் வரும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், நாலைந்து நாளில் தணியும். ஸ்டாட்டின் வலி பொதுவாக இரண்டு தொடை, இரண்டு கெண்டைக்கால், இரண்டு தோள் என்று இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மாத்திரை தொடங்கியோ, அளவைக் கூட்டியோ சில வாரங்களுக்குள் ஆரம்பித்து, ஓய்வெடுத்தாலும் விடாமல் தொடரும். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெடிமைப் போன்ற வேறு மருந்தைச் சேர்க்கலாம். அவர் கையில் பல வழிகள் இருக்கின்றன.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. தசை வலி கடுமையாகி, எழுந்து நிற்கக்கூட பலம் இல்லாமல், சிறுநீர் கட்டன் சாயா (பால் கலக்காத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்ட பிறகுதான் போட வேண்டும். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிக அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. புதிதாக ஜிம்முக்குப் போய் முதல் நாளே தண்ணீர்கூடக் குடிக்காமல் அளவு மீறி எடை தூக்கினால், ஸ்டாட்டின் சாப்பிடாதவருக்கும் இது வரும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் குழப்பம்

ஈரல் போய்விடும் என்ற பயத்தில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதிகளைப் பார்ப்பார்கள். தசை வலி இருந்தால் சிபிகே என்ற நொதியைப் பார்ப்பார்கள். சிபிகே தசையில் இருந்து வருவது என்று பலருக்குத் தெரியும். எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும்கூட தசையில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 2008-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், எடை தூக்கிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான 15 ஆண்களை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்தார்கள். சிபிகேயோடு இந்த இரண்டும் ஏறின, ஏழு நாள் கழித்தும் இறங்காமல் இருந்தன. அவர்கள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை, ஈரலிலும் கோளாறு இல்லை. எனவே ரத்தம் கொடுக்கப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கடுமையான எடைப் பயிற்சியை நிறுத்திவையுங்கள். நடைப்பயிற்சி போதும். முடியாவிட்டால், ஜிம்முக்குப் போவதை டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். பொதுவாக ஈரல் நொதிகள் இயல்பான வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போய் அங்கேயே நின்றால்தான் மாத்திரையை நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று நாமாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் கிரியாட்டின், தசைக்குப் பலம் வேண்டும் என்று ஜிம்முக்குப் போகிறவர்கள் சாப்பிடும் ஒரு பொருள். பல புரோட்டீன் பவுடர்களில் இதையும் கலந்திருப்பார்கள். பெயர் ஒத்திருக்கும் கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கும் பொருள். உடம்பில் கிரியாட்டின் உடைந்துதான் கிரியாட்டினின் ஆகிறது. எனவே பவுடர் குடிக்கிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். டாக்டருக்குப் பவுடர் விஷயம் தெரியாவிட்டால் அது சிறுநீரகக் கோளாறாகத் தெரியும். ரோசுவாஸ்டாட்டினின் அளவைச் சிறுநீரக நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதால், இந்தக் குழப்பம் மாத்திரை அளவு வரைக்கும் போகும்.

உண்மையிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ளவர் கதை வேறு. டாக்டரைக் கேட்காமல் அவர் புரோட்டீன் பவுடரைத் தொடவே கூடாது. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம். அவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்த்துவிட்டு அப்புறம் டப்பாவைத் திறக்கட்டும்.

ரோசுவாஸ்டாட்டின் பற்றி இன்னொரு விஷயம். இந்தியர்கள் உட்பட ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு வெள்ளைக்காரர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு ஏறுகிறது என்பதால், அமெரிக்காவிலேயே ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் யாரோ சொன்ன அளவோடு உங்கள் மாத்திரையை ஒப்பிட்டு நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

கூடவே சாப்பிடும் மற்றவை

கொழுப்பு மாத்திரையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். பவுடர் உண்மையில் இடைஞ்சல் செய்வது தைராய்டு மாத்திரைக்கு. சோயா புரோட்டீனும், பவுடரில் இருக்கும் கால்சியம், இரும்புச் சத்தும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். அதோடு ஸ்டாட்டினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். காலையில் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே ஷேக் குடிக்கிற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஷேக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டால் இன்னும் எளிது.

பவுடர் குடித்து வயிறு மந்தமானால் சிலர் நெஞ்செரிச்சல் சிரப்பைக் குடிப்பார்கள். அலுமினியம், மெக்னீசியம் கலந்த சிரப் ரோசுவாஸ்டாட்டினோடு சேர்ந்தால் மாத்திரை உடம்பில் ஏறுவது பாதியாகிவிடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிரப்பைக் குடியுங்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் சேர்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுவது நல்லது. பம்பளிமாசும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடைக்கும் குடல் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தை ஏற்றும். கிரேப்ஃப்ரூட் சாறு கலந்த ஷேக் வேண்டாம்.

பவுடர் உங்களுக்குத் தேவைதானா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.83 கிராம் புரதம். 60 கிலோ என்றால் 50 கிராம். வயதானவர்களுக்கும் எடைப் பயிற்சி செய்பவர்களுக்கும் ஒரு கிராமோ, அதற்குச் சற்று மேலோ தேவைப்படும். நம் சாப்பாட்டில் சோறு தட்டை நிரப்பிவிடுவதால் பலர் இந்த அளவை எட்டுவதில்லை, அது உண்மை. ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் இருக்கிறது. உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25 கிராம் கிடைக்கும். தினம் 25 கிராம் சோயா புரதம் எல்டிஎல்லைச் சில சதவீதம் குறைக்கவும் செய்கிறது. மத்தியானம் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி மீன் குழம்பு என்று சேர்த்தாலே பலருக்குப் போதும். அப்படியும் குறைகிறது என்றால் ஒரு ஸ்கூப் பவுடர் 20 முதல் 25 கிராம் தரும். அதைத் தண்ணீரிலோ கொழுப்பெடுத்த பாலிலோ கலக்கலாம். மூன்று ஸ்கூப் குடிப்பதால் தசை மூன்று மடங்கு வளராது.

அன்றைக்கு அந்த சார் மறுபடி வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பின்பக்கத்தைப் படித்தோம். வே புரோட்டீனும் கோகோவும் இனிப்பும் தவிர கிரியாட்டின் இருந்தது. கடையில் இருந்தே அவருடைய டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கச் சொன்னாராம், ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்றாராம். அட்டையை எண்ணிக் கொடுத்தேன். சீட்டின் பின்னால் பவுடரின் பெயரையும், அதில் கிரியாட்டின் இருப்பதையும் எழுதினேன். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் எடை தூக்கக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.